பேதுருவின் அச்சமும் எமது அச்சமும்

பெரியோரின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்களது குறைகளை மறைத்து நிறைகளை மாத்திரம் எடுத்துக்கூறுவது உலக வழக்கம். அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி பாடிய புலவர்கள் முதல் அரசியல் தலைவர்களுக்கு நினைவு மலர் வெளியிடுவோர் வரை இவ்வழக்கத்திலிருந்து விலகியோர் மிகச் சிலரே. ஆனால், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு கடற்றொழிலாளியின் வரலாறு இதற்கு நேர்மாறாக எழுதப்பட்டுள்ளது. அவரைத் தமது முதல் தலைவராகப் போற்றும் மக்களே அவரது வாழ்வின் மிக இழிவான இரவை மறைக்காது எழுதி வைத்தனர். நற்செய்தி நூல்கள் நான்கும் அதனைக் கூறுகின்றன. ஜெருசலேமில் சீயோன் மலைச் சரிவில் அந்த இரவின் நினைவாகவே ஒரு தேவாலயம் நிற்கின்றது. அதன் கூரையின் உச்சியில் பொன்னிறச் சேவல் ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது.

அந்த மனிதர் சீமோன் பேதுரு. எமது கரையோரக் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக இராயப்பர் என்று அழைத்து வந்தவர் அவரே. எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இப்பெயர் அவ்வளவாக அறிமுகமற்றதாக இருக்கலாம். திருக்குர்ஆன் ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்களை ஹவாரிய்யூன்கள் எனச் சிறப்பித்துக் கூறுகின்றது. எனினும் அவர்களைத் தனித்தனியே பெயர் சுட்டிக் கூறவில்லை. சிலுவை பற்றிய நம்பிக்கையில் இரு சமயங்களும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டினை விவாதிப்பது எமது நோக்கமன்று. கிறிஸ்தவ வேதாகமம் கூறும் பேதுருவின் வரலாற்றில், நல்ல மனம் படைத்த ஒரு மனிதனை அச்சம் எவ்வாறு வீழ்த்துகின்றது என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம். அச்சத்துக்குச் சமயம் இல்லை.

கலிலேயாக் கடல் எனப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரியாகும். சுமார் 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் கொண்ட அந்த ஏரி, கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் மேல் தாழ்ந்து, குன்றுகள் சூழ அமைந்திருக்கின்றது. அக்குன்றுகளினூடாக இறங்கும் காற்று எதிர்பாராத வேளையில் அதனைக் கொந்தளிக்கச் செய்துவிடும். 1986ஆம் ஆண்டு வரட்சியினால் ஏரியின் நீர்மட்டம் குறைந்தபோது முதலாம் நூற்றாண்டு காலத்து மரப்படகு ஒன்று சேற்றினுள் கண்டெடுக்கப்பட்டது. எட்டு மீற்றருக்குச் சற்று அதிகமான நீளமுடைய அப்படகு பல வகை மரத்துண்டுகளால் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டுத் திருத்தப்பட்டிருந்தது. பேதுருவும் அவரது சகோதரர் அந்திரேயாவும் இத்தகைய படகொன்றிலேயே இரவெல்லாம் வலை வீசியிருப்பர் எனக் கருதலாம்.

பெத்சாயிதா அவரது சொந்த ஊர். பின்னர் கப்பர்நாகூமில் மனைவி, மாமியார், சகோதரர் ஆகியோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். செபெதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் தொழிலில் அவரது பங்காளிகள். அவர் பரம ஏழையுமல்லர், செல்வந்தருமல்லர். குடும்பப் பொறுப்பும், ஓட்டை விழுந்த வலைகளும், விடிந்ததும் சந்தைக்குக் கொண்டுசெல்ல மீன் கிடைக்குமா என்ற கவலையும் உடைய ஒரு சாதாரண மனிதர். கப்பர்நாகூமில் 1968ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்ட அகழ்வாய்வில், ஐந்தாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் அடியில் மிக எளிய கருங்கற் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. ஆதிக் கிறிஸ்தவர்கள் அதனையே பேதுருவின் வீடாகப் போற்றி வந்தனர்.

இயேசு அவரை அழைத்தபோது பேதுரு வலையை விட்டுவிட்டுப் பின்சென்றார். பாறை எனப் பொருள்படும் கேபா என்ற அரமேயப் பெயரை இயேசு அவருக்குச் சூட்டினார். அதன் கிரேக்க வடிவமே பேதுரு. ஆனால் நற்செய்தி நூல்களில் நாம் காணும் மனிதரிடத்தில் பாறையின் உறுதி எளிதில் தென்படுவதில்லை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேசிவிடுபவர் அவர். புயல் வீசிய ஓர் இரவில் தண்ணீர் மீது நடந்துவந்த தம் குருவைக் கண்டு தாமும் படகிலிருந்து இறங்கி நடந்தார். காற்றின் வேகத்தைக் கவனித்த மறுகணமே மூழ்கத் தொடங்கினார். எர்மோன் மலையடிவாரத்தில் இருந்த பிலிப்புச் செசரியா நகர்ப்புறத்தில் இயேசுவை மெசியா என முதன்முதலில் அறிக்கையிட்டவரும் அவரே. குரு தமக்கு நேரவிருக்கும் துன்பத்தைப் பற்றிச் சொன்னபோது அப்படி நேரக்கூடாது எனக் கடிந்துகொண்டு, பதிலுக்குத் தாமே கடும் கண்டனத்தைப் பெற்றவரும் அவரே.

எல்லோரும் கைவிட்டாலும் தாம் கைவிடப்போவதில்லை என்று இறுதி இராப்போசனத்தின்போது அவர் உறுதி கூறினார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அவ்வேளையில் அவர் அதனை முழு மனதுடன் நம்பினார். அன்றிரவு கெத்சமனித் தோட்டத்தில் ஆயுதம் தாங்கிய கூட்டம் சூழ்ந்தபோது, வாளை உருவிப் பிரதான குருவின் ஊழியன் ஒருவனின் காதை வெட்டியவரும் அவரே. ஆகவே பேதுருவைக் கோழை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. மற்றச் சீடர்கள் சிதறி ஓடியபின், தூரத்தே நின்றாயினும் பின்தொடர்ந்து பிரதான குருவின் முற்றம் வரை சென்றவர் அவர். அன்பு இல்லாதவருக்கு அந்த முற்றத்தில் வேலை இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு மறுதலிக்கும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

குளிரான இரவு. முற்றத்தில் ஊழியர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தனர். பேதுருவும் அவர்களுள் ஒருவர் போல நெருப்பருகே நின்றார். முதலில் அவரை இனங்கண்டவள் ஒரு வேலைக்காரப் பெண். படைவீரன் அல்லன், நீதிபதி அல்லன். அவரைக் கைதுசெய்யும் அதிகாரம் அவளுக்கு இல்லை. வாளேந்திய கூட்டத்தின் முன் நடுங்காத மனிதர் அந்தப் பெண்ணின் பார்வைக்கு நடுங்கினார். அந்த மனிதரைத் தமக்குத் தெரியாது என்றார். இரண்டாம் முறையும் மறுத்தார். மூன்றாம் முறை அங்கு நின்றவர்கள் அவரது பேச்சைக் கொண்டே அவரைப் பிடித்துக்கொண்டனர். கலிலேயாவின் வட்டார உச்சரிப்பு ஜெருசலேம் நகரத்தவரின் காதுக்கு வேறாக ஒலித்தது. தம் நாக்கே தம்மைக் காட்டிக்கொடுத்தபோது அவர் சபித்துச் சத்தியம் செய்தார். சேவல் கூவிற்று. அப்போது இயேசு திரும்பி அவரைப் பார்த்தார் என லூக்கா எழுதுகின்றார். பேதுரு வெளியே சென்று மனம் கசந்து அழுதார்.

சண்டையிடும் துணிவு வேறு, அடையாளம் காணப்படும் துணிவு வேறு என்பதை இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்துகின்றது. பேச்சின் ஒலியைக் கொண்டு உயிரின் பெறுமதி தீர்மானிக்கப்படுவது என்னவென்பதை இந்நாட்டில் வாழ்ந்த எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் வீதிகளில் மறிக்கப்பட்டோர் சில சிங்களச் சொற்களை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டதையும், நாக்கின் தடுமாற்றம் சிலருக்கு மரணமாக முடிந்ததையும் நாம் அறிவோம். அத்தகைய வேளையில் தான் யார் என்பதை மறைத்தவனைக் குற்றம் கூறும் தகுதி எமக்கில்லை. ஆனால் பேதுரு மறைத்தது தம் பெயரை அல்ல, தம் நண்பரை. அந்த நண்பர் அதே வளவில், கூப்பிடு தூரத்தில், கட்டுண்டு நின்றுகொண்டிருந்தார்.

அதே இரவில் குருவைக் கைவிட்ட மற்றொருவர் யூதாஸ். அவரும் தம் செயலுக்காக வருந்தினார், பெற்ற வெள்ளிக்காசுகளைத் திருப்பி வீசினார், பின்னர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று மத்தேயு கூறுகின்றார். இருவருமே குற்றத்தை உணர்ந்தவர்கள். ஒருவர் அந்த உணர்விலேயே முடிந்துபோனார். மற்றவர் வெட்கத்தைச் சுமந்தபடி தோழர்களிடம் திரும்பி வந்தார். தோழர்களின் முகத்தை மறுநாள் ஏறிட்டுப் பார்ப்பது அவருக்கு எளிதாக இருந்திராது.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் அவரை மீண்டும் ஏரிக்கரையில் காட்டுகின்றது. உயிர்த்தெழுந்த இயேசு விடிகாலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருக்கின்றார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகின்றது. ஒன்று பிரதான குருவின் முற்றம், மற்றையது இக்கரை. மும்முறை மறுத்தவரிடம் தம்மை நேசிக்கின்றாயா என மும்முறை கேட்கப்படுகின்றது. பழைய குற்றத்துக்கு விளக்கம் கோரப்படவில்லை. மன்னிப்புக் கடிதமும் கேட்கப்படவில்லை. ஆயினும் அவர் எந்த இடத்தில் விழுந்தாரோ அதே நெருப்பின் அருகே மீண்டும் நிறுத்தப்பட்டே தூக்கிவிடப்பட்டார். பின்னர் மந்தையை மேய்க்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

பெரும்பாலான பிரசங்கங்கள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. அதன் பின்னர் வந்த பேதுரு அஞ்சாத வீரர் என்றே எமக்குச் சொல்லித்தரப்பட்டது. அதிலும் உண்மை உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் அதே ஜெருசலேம் நகரில் அவர் பகிரங்கமாகப் பேசினார். ஆட்சி மன்றத்தின் முன் நின்று வாய்மூட மறுத்தார். ஏரோது அகிரிப்பா மன்னன் யாக்கோபைக் கொன்றபின் பேதுருவையும் சிறையில் அடைத்தான். யோப்பா பட்டினத்தில் அவர் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் தங்கினார். இறந்த விலங்குகளின் தோலைக் கையாண்ட அத்தொழிலாளரைச் சமூகம் ஒதுக்கியே வைத்திருந்தது. அங்கிருந்து செசரியாவுக்குச் சென்று கொர்னேலியு என்ற உரோம நூற்றுவர் தலைவனின் வீட்டினுள் கால் வைத்தார். யூதர் அல்லாதாரின் வீட்டில் நுழைவதும் அவர்களுடன் உண்பதும் வழக்கமல்லாத அக்காலத்தில் அது மிகப் பெரிய அடி. கடவுள் மனிதரிடையே பாகுபாடு காட்டுவதில்லை என்பதைத் தாம் விளங்கிக்கொண்டதாக அவர் அங்கு கூறினார்.

ஆனால் அந்தியோக்கியாவில் நிகழ்ந்ததை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிரியாவின் அப்பெருநகரில் யூதரும் யூதரல்லாத விசுவாசிகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். பேதுருவும் அவர்களோடு மகிழ்ச்சியாக உண்டார். பின்னர் ஜெருசலேமிலிருந்து, யாக்கோபின் பக்கத்திலிருந்து, அவருடைய சொந்த இனத்தவர் சிலர் வந்து சேர்ந்தனர். பேதுரு மெல்ல மெல்லப் பந்தியிலிருந்து ஒதுங்கினார். அவர் எவரையும் ஏசவில்லை, எவரையும் வெளியேற்றவில்லை. உடன் உண்பதை நிறுத்தினார், அவ்வளவே. அவரைப் பார்த்து ஏனைய யூத விசுவாசிகளும் ஒதுங்கினர். பர்னபா போன்ற பெருந்தன்மையாளரும் அதில் இழுபட்டுப் போனார். நேற்றுவரை உறவாய் இருந்தவர்கள் ஒரே நாளில் தீண்டத்தகாதோர் ஆயினர். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே இதனை விபரிக்கின்றார்.

முற்றத்தில் பேதுரு அஞ்சியது அந்நியருக்கு. அந்தியோக்கியாவில் அவர் அஞ்சியது தம் சொந்த மக்களுக்கு. முதலாவதில் உயிர் போகலாம் என்ற பயம் இருந்தது. இரண்டாவதில் உயிருக்கு எந்த ஆபத்தும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊரார் என்ன சொல்வார்கள், எம்மவர் எம்மை எப்படி மதிப்பர் என்ற பயமே இருந்தது. தம்மவரின் முகச்சுளிப்புக்கு அஞ்சி அவர் தாம் நன்கறிந்த உண்மையை விட்டு விலகினார். இந்த இரண்டாவது அச்சமே எமக்கு மிக அண்மையானது என நாம் கருதுகின்றோம்.

எமது மண்ணின் அண்மைக்கால வரலாறு இந்த அச்சத்தினால் நிரம்பியிருக்கின்றது. 1990 ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியின் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் அப்பாவிகளின் இரத்தம் சிந்தியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்த வேலியில் வாழ்ந்த கிராமங்கள் பல அவ்வாண்டில் ஒன்றையொன்று பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்டது இரண்டு மணித்தியால அவகாசம். துப்பாக்கிக்கு முன் நிராயுதபாணியான அயலவரால் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானதே. அது முற்றத்து அச்சம். ஆனால் அதன் பின்வந்த ஆண்டுகளில், துப்பாக்கி எம்மை நோக்காத இடங்களிலும், எமது வீட்டு விறாந்தையிலும் வெளிநாட்டிலும் கூட, அதனைத் தவறு என்று சொல்ல எம்மில் பலர் தயங்கினோமே. அது அந்தியோக்கியா அச்சம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், சிலர் இழைத்த கொடுமைக்காக, ஆண்டுக்கணக்கில் பழகிய முஸ்லிம் நண்பரின் கடையைக் கடந்து எதிர்க்கடைக்குச் சென்றவர்களும் எம்மிடையே உண்டு. மனதில் பகை இருந்ததனால் அல்ல; எம்மவர் பார்த்துவிடுவர் என்பதனால். மறுபுறத்திலும் தமிழ் அயலவருக்கு நேர்ந்ததைத் தம்மவர் முன் பேசத் தயங்கிய நல்ல மனிதர்கள் இருந்தார்கள். எவரும் எவரையும் அடிக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்துபோனோம், அவ்வளவே.

இந்த ஒதுங்கலைக் குற்றம் என்று எமது மனச்சாட்சி எளிதில் ஏற்பதில்லை. செய்த தீமையை நினைவில் வைத்திருக்கும் மனம், செய்யாமல் விட்ட நன்மையை விரைவில் மறந்துவிடுகின்றது. அக்காரணத்தினாலேயே பேதுருவின் வரலாறு எமக்கு வேண்டியதாகின்றது. கொடியவரின் வரலாற்றில் நாம் எம்மைக் காண மறுப்போம். மகான்களின் வரலாற்றில் எம்மைக் காணத் துணியமாட்டோம். நேசிக்கவும் செய்து, நேசித்தவரைத் தெரியாதென்றும் கூறிய இம்மனிதரிடத்தில் எமது முகத்தை இனங்காணாதிருப்பது கடினம்.

பேதுருவின் இவ்வீழ்ச்சிகள் எமக்கு எவ்வாறு தெரியவந்தன என்பதும் சிந்திக்கத்தக்கது. மாற்கு தமது நற்செய்தியைப் பேதுருவின் நினைவுகளைக் கேட்டு எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வழங்கிவரும் மரபு. அம்மரபு உண்மையாயின், முற்றத்தில் நிகழ்ந்ததை உலகுக்குச் சொன்னவர் பேதுருவே ஆவார். நெருப்பருகே தாம் சொன்ன வார்த்தைகளைச் சபையின் தலைவரான பின்னரும் அவர் மறைக்கவில்லை. தவறிழைத்த தலைவர்கள் நாம் அறிந்த வரையில் ஏராளம். தம் தவறைத் தம் வாயாலேயே தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்த தலைவர்கள் எத்தனை பேர்?

அந்தியோக்கியாவில் பவுலின் கண்டனத்துக்குப் பேதுரு என்ன பதில் அளித்தார் என்பது எழுதப்படவில்லை. ஆனால் கண்டித்தவரையும் கண்டிக்கப்பட்டவரையும் திருச்சபை பிரிக்கவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் திகதி இராயப்பர், சின்னப்பர் இருவருக்கும் ஒரே திருநாளே கொண்டாடப்படுகின்றது.

உரோம் நகரில் 64ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீயின் பழியை நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள் மீது சுமத்தினான். அதனைத் தொடர்ந்த துன்புறுத்தலில் பேதுரு கொல்லப்பட்டதாக மரபு கூறுகின்றது. அவரது இறுதி நாட்கள் பற்றி இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கதை ஒன்று உண்டு. அதனை வரலாறு என்று கொள்வதற்கில்லை. நண்பர்களின் வற்புறுத்தலினால் அவர் நகரைவிட்டு வெளியேறியபோது, எதிரே நகரை நோக்கி இயேசு வருவதைக் கண்டாராம். அவர் எங்கே போகின்றார் என வினவி, மீண்டும் சிலுவையில் அறையப்படவே போகின்றார் என அறிந்து, தாம் வந்த வழியே திரும்பினாராம். தம் குருவைப் போல இறக்கத் தாம் தகுதியற்றவர் என்று கூறித் தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதும் மரபே. கதையாயினும், அதனைப் புனைந்தோர் அவரை நன்கு அறிந்திருந்தனர் என்றே நாம் எண்ணுகின்றோம். முதுமையிலும் பேதுரு முதலில் ஓடுபவராகவும் பின்னர் திரும்பி வருபவராகவுமே அவர்களது மனதில் நின்றார்.

அவர் அடக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படும் இடத்தின் மீது இன்று வத்திக்கானின் மாபெரும் தேவாலயம் எழுந்து நிற்கின்றது. 1506இல் தொடங்கப்பட்ட அக்கட்டடம் 1626இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பலிபீடத்தின் அடியில் 1940களில் நடத்தப்பட்ட அகழ்வாய்வு, பண்டைய கல்லறைகளின் நடுவே மிகச் சிறியதொரு நினைவிடத்தை வெளிக்கொணர்ந்தது. பளிங்கும் பொன்னும் நிறைந்த அம்மண்டபத்தின் அடியில் இருப்பது, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சிய கடற்றொழிலாளியின் நினைவே.

அச்சமற்றவராகப் பிறப்பது எம் கையில் இல்லை. வீழ்ந்த இடத்துக்குத் திரும்பிச் செல்வது எம் கையில் உள்ளது. நாம் தெரியாதென்று கூறிய மனிதரின் வாசலுக்குச் சென்று, அன்று நான் பேசியிருக்க வேண்டும் என்று கூறுவதற்கு மாநாடும் வேண்டியதில்லை, ஆணைக்குழுவும் வேண்டியதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தைவிட்டுக் கையில் பையோடு சென்றவர்களுள் பலர் இன்று உயிருடன் இல்லை. அன்று வாசலில் நின்று பார்த்தவர்களிலும் பலர் இல்லை. எஞ்சியிருப்போருக்கு இன்னும் சிறிது காலமே உண்டு. எழுந்து சென்ற பந்திக்குத் திரும்ப விரும்புவோர் அதற்குள் திரும்புவோமாக.